கைப்படச் செய்த பரிசு

கொடுப்பவனின் பெருமையைத் தமிழ்ப் புலவர்கள் பலவாறு பாடியிருக்கின்றனர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் இன்றும் சிறுபிள்ளைகளின் பாடங்களில் வாழ்கின்றனர். பெறுபவன் எவ்வாறு பெறவேண்டும் என்பது பற்றியோ அவ்வளவு விரிவான பேச்சு இல்லை. ஆயினும் திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரத்தில் இதற்கும் இடம் தந்துள்ளார். ஓர் உதவியின் அளவு அந்த உதவியில் இல்லை. அதனைப் பெற்றவருடைய சால்பிலேயே இருக்கிறது என்பது அவர் துணிபு. இக்கருத்து எல்லா வகைக் கொடைக்கும் பொருந்தும். ஆயினும், நண்பர் ஒருவர் தம் கைப்படச் செய்து தரும் பரிசுக்கு அது தனிச் சிறப்போடு பொருந்துகிறது.

கடையில் வாங்கிய பரிசைப் பெறுவதில் சிக்கல் அதிகம் இல்லை. அதன் விலை உலகறிந்தது. அது உடைந்தால் அதுபோன்ற இன்னொன்றை வாங்கலாம். கைத்திறன் வாய்ந்த நண்பர் ஒருவர் கைலேஞ்சியில் பூவேலை செய்து தரும்போதோ, பனையோலையால் பெட்டி இழைத்துத் தரும்போதோ, மரத்தைச் செதுக்கிப் பேழையொன்று ஆக்கித் தரும்போதோ நிலைமை வேறு. அப்பொருளில் அவருடைய மாலை நேரங்கள் பல அடங்கியிருக்கின்றன. தம்மை எண்ணியபடியே ஒருவர் பல நாள் உழைத்திருக்கிறார் என்பதைப் பெறுபவர் உணருகிறார்; உணர்ந்ததும் ஒருவகைத் தடுமாற்றம் அவரைப் பற்றிக்கொள்கிறது. எடுத்துப் பயன்படுத்தினால் பொருள் தேய்ந்துபோகும். அலுமாரியில் வைத்துப் பூட்டினால் செய்தவர் மனம் வருந்தும். விலை கொடுக்க முனைந்தால் நட்புப் புண்படும். ஒன்றும் கொடாதிருந்தால் கடன்பட்ட உணர்ச்சி நெஞ்சை உறுத்தும். இந்த ஐயங்களைத் தீர்த்துக்கொள்வதற்கு மூன்று சோடிப் பாதணிகளின் வரலாறு பெரிதும் துணைசெய்யும். அவற்றுள் இரண்டு சோடி ருசிய நாட்டில் தைக்கப்பட்டவை. ஒன்று தென்னாபிரிக்காவில், அதுவும் சிறைச்சாலையில் தைக்கப்பட்டது.

ருசிய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் 1828இல் பிரபு குலத்தில் பிறந்தவர். போரும் சமாதானமும், அன்னா கரேனினா என்னும் இரு பெருநாவல்களால் அவர் பெரும்புகழ் பெற்றிருந்தார். ஐம்பது வயதை அடைந்த காலத்தில் அவர் உள்ளத்தில் பெரியதொரு போராட்டம் எழுந்தது. 1882ஆம் ஆண்டு தைமாதத்தில் மொஸ்கோ நகரில் நடைபெற்ற குடிசன மதிப்பில் அவர் தாமும் ஒருவராய்ப் பணியாற்றினார். அப்பொழுது அந்நகரத்து ஏழைகளின் குடியிருப்புகளை நேரிற் கண்டார். உண்பது, உடுப்பது, காலில் அணிவது ஆகிய அனைத்தையும் பிறர் உழைப்பிலிருந்து பெற்றுக்கொண்டு வாழும் வாழ்க்கை நேர்மையானதாகுமா என்ற கேள்வி அவரை வாட்டியது. ஒரு மனிதனுடைய நாள் நான்கு கூறாய் அமையவேண்டும் என்று அவர் எண்ணத் தலைப்பட்டார்: உடல் வருந்தும் உழைப்பு ஒன்று, விரல்களின் திறன் வேண்டும் கைத்தொழில் ஒன்று, அறிவின் முயற்சி ஒன்று, மனிதரோடு அளவளாவுதல் ஒன்று. கைத்தொழிலாக அவர் தெரிந்தெடுத்தது சப்பாத்துத் தைத்தல்.

மொஸ்கோவில் கமோவ்னிக்கி என்னும் பகுதியில் அவர் 1882இல் வாங்கிய வீட்டில், எழுதும் அறையை அடுத்து ஒரு சிறிய வேலையறை இருந்தது. தொழில் தெரிந்த ஒருவரிடம் முறையாகக் கற்று, தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து, குத்தூசியால் தோலைத் துளைத்து, மெழுகிட்ட நூலைக் கோத்து இழுத்து அவர் தைத்தார். உறவினரும் நண்பரும் இதனை உவந்து ஏற்றார்கள் என்று சொல்வதற்கில்லை. இலக்கியத்தைப் படைக்கவேண்டிய கை தோலைத் தைப்பதா என்று மனைவி சோபியா வருந்தினார். நாவலாசிரியர் துர்கேனிவ் 1883இல் தம் மரணப் படுக்கையிலிருந்து கடிதம் எழுதி, மீண்டும் இலக்கியத்துக்குத் திரும்பும்படி டால்ஸ்டாயை வேண்டிக்கொண்டார். உலகம் அவரிடம் நூல்களை எதிர்பார்த்து நின்ற வேளையில், அவர் நண்பர்களுக்குச் சப்பாத்துகளைத் தந்தார். அவற்றைப் பெற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதே இங்கே கருதத்தக்கது.

முதலாமவர் அபனாசி பெட் என்னும் கவிஞர். 1820இல் பிறந்த அவர் ருசிய மொழியின் தலைசிறந்த தன்னுணர்ச்சிப் பாடல்களை இயற்றியவர்களுள் ஒருவர். டால்ஸ்டாய்க்கு நெடுங்கால நண்பர். நிலவுடைமையாளராகிய அவருக்கு டால்ஸ்டாயின் புதிய கொள்கைகளில் உடன்பாடு இல்லை. ஆயினும் நண்பரிடம் ஒரு சோடிச் சப்பாத்துத் தைத்துத் தருமாறு கேட்டார். 1885ஆம் ஆண்டு தை 8ஆந் திகதி மாலை டால்ஸ்டாய் அவற்றைத் தாமே எடுத்துச் சென்று கொடுத்தார். பெட் அதற்கு ஆறு ரூபிள் கூலி தந்தார். டால்ஸ்டாய் அதை வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, தை 15ஆந் திகதி, பெட் ஒரு சான்றிதழ் எழுதினார். தடித்த அடித்தோலும், தாழ்ந்த குதியும், வட்டமான முனையும் உடைய இச்சப்பாத்துகளைத் தமது வேண்டுகோளின்படி தைத்தவர் போரும் சமாதானமும் எழுதிய ஆசிரியரே என்றும், அவற்றைப் பெற்ற மறுநாள் முதலே தாம் அணியத் தொடங்கியது அவ்வேலையின் செம்மைக்குச் சான்று என்றும் அதில் குறித்துக் கையொப்பமிட்டு முத்திரையும் பதித்தார்.

இச்சான்றிதழில் நகைச்சுவை இழையோடுகிறது. நெருங்கிய நண்பர் இருவருக்கிடையே நடந்த விளையாட்டு இது என்று தள்ளிவிடவும் கூடும். ஆயினும் கைப்படச் செய்த பொருளொன்றைப் பெறும் முறை முழுவதும் அச்சிறு தாளில் அடங்கிவிட்டது. பெட் அப்பொருளைக் கூர்ந்து நோக்கினார். அடித்தோல் எப்படி, குதி எப்படி, முனை எப்படி என்று அவரால் சொல்ல முடிந்தது. கைவினைஞர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை. மிக அழகு, மிக நன்று என்ற பொதுப் புகழுரை எப்பொருளுக்கும் பொருந்தும். ஆகவே அது எப்பொருளையும் தொடுவதில்லை. இந்த ஓரத்தையலைப் போட எத்தனை நாள் சென்றது என்று கேட்கும் ஒரு கேள்வி, பத்துப் புகழுரைக்கு மேலானது. அடுத்து, செய்தவர் இன்னார் என்பதைப் பெட் பிறர் அறியக் கூறினார். இறுதியாக, மறுநாளே காலில் அணிந்தார். பொருள் எதற்காகப் பிறந்ததோ அந்தப் பயனை அதற்கு அளித்தார்.

கூலி கொடுத்தது பற்றி ஐயம் எழலாம். நட்பில் விலை புகலாமா என்று கேட்பவர் உண்டு. இங்கே டால்ஸ்டாய் வேண்டியது, தமது கைவேலை பிரபு ஒருவரின் பொழுதுபோக்காகக் கருதப்படாமல் உண்மையான உழைப்பாக மதிக்கப்பட வேண்டும் என்பதே. பெட் கொடுத்த ஆறு ரூபிள் அந்த மதிப்பின் அடையாளம். நண்பர் வேண்டுவது எதுவென்று அறிந்து அதனைக் கொடுத்தலே முறை. சிலர் கூலியை விரும்புவர். சிலர் நூலும் தோலும் வாங்கிய செலவை மட்டும் ஏற்பர். சிலருக்கு நன்றிச் சொல் ஒன்றே போதும். மூவரையும் ஒரே கோலால் அளப்பது தவறு.

இரண்டாவது சோடியைப் பெற்றவர் மிகயில் சுகோத்தின். அவர் 1899இல் டால்ஸ்டாயின் மூத்த மகள் தத்தியானாவை மணந்தவர். டால்ஸ்டாயின் நூற்றொகுதிகள் பன்னிரண்டு அவர் வீட்டுப் புத்தகத் தட்டில் இருந்தன. அவர் அச்சப்பாத்துகளை அணியாமல், அந்நூல்களின் அருகே வைத்துப் பதின்மூன்றாம் தொகுதி என்று எழுதி ஒட்டிவிட்டார் என்று சொல்லப்படுகிறது. இதுவும் அழகான மதிப்பே. எழுதிய கையும் தைத்த கையும் ஒன்று என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இராமபிரானின் பாதுகைகளைப் பரதன் அரியணையில் ஏற்றிய செய்தியும் தமிழர் நெஞ்சுக்கு இங்கே நினைவு வரும். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பரதன் பெற்ற பாதுகைகள் இராமனுடையவை. அவை பரதன் காலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சுகோத்தின் பெற்றவையோ அணிவதற்கென்றே தைக்கப்பட்டவை. தட்டில் ஏறிய நாளிலிருந்து அவை சப்பாத்து என்னும் நிலையிலிருந்து நீங்கி, நினைவுச் சின்னம் என்னும் நிலையை அடைந்துவிட்டன.

சேமித்து வைப்பது முற்றிலும் பிழை என்று கூறுவதற்கில்லை. கமோவ்னிக்கி வீடு 1921 முதல் அருங்காட்சியகமாய் விளங்குகிறது. டால்ஸ்டாயின் குத்தூசிகளையும் சுத்தியலையும் அவர் கையால் தைத்த சப்பாத்துகளையும் அங்கே செல்வோர் காணலாம். யாரோ சிலர் பேணி வைத்திராவிட்டால் அவை மண்ணோடு மண்ணாகியிருக்கும். தேய்ந்த சப்பாத்து செய்தவரை மகிழ்விக்கிறது. தேயாத சப்பாத்து பின்வரும் தலைமுறைக்குக் கதை சொல்கிறது. எனினும் செய்தவர் உயிரோடு அருகில் இருக்கும்போது அவர் கண் தேடுவது பெரும்பாலும் முன்னதையே.

டால்ஸ்டாயின் கொள்கை ருசிய நாட்டோடு நின்றுவிடவில்லை. தென்னாபிரிக்காவில் இந்தியரின் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த மோகன்தாஸ் காந்தி 1909இல் அவருக்குக் கடிதம் எழுதினார். 1910இல் டால்ஸ்டாய் மறையும்வரை இருவருக்கும் கடிதத் தொடர்பு இருந்தது. அந்த 1910ஆம் ஆண்டிலேயே காந்தியின் நண்பர் ஹெர்மன் கல்லன்பாக், யொகானஸ்பேர்க் நகரிலிருந்து இருபத்தொரு மைல் தொலைவில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வாடகையின்றி வாழ்வதற்குக் கொடுத்தார். கல்லன்பாக் ஜெர்மானிய நாட்டில் பயின்ற கட்டடக் கலைஞர், வசதி படைத்தவர். அந்நிலத்துக்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் இடப்பட்டது. குஜராத்தியரும் தமிழரும் தெலுங்கரும் வட இந்தியரும் அங்கே ஒன்றாய் வாழ்ந்தனர். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவும் காந்தி தமக்குத் தெரிந்த சிறிதளவு தமிழைக்கொண்டு முயன்றார்.

பண்ணையில் வாழ்வோர் தமக்கு வேண்டியவற்றைத் தாமே செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. நேற்றாலில் மரியன்ஹில் என்னும் இடத்தில் டிராப்பிஸ்ட் துறவியர் நிறுவிய மடம் ஒன்று இருந்தது. அங்கே பலவகைக் கைத்தொழில்கள் நடைபெற்றன. கல்லன்பாக் அங்கே சென்று செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தார். அவரிடமிருந்து காந்தி கற்றார். காந்தியிடமிருந்து மற்றவர்கள் கற்றனர். தோலைத் தொட்டுச் செய்யும் தொழிலை இழிவென்று ஒதுக்கி, அதனைச் செய்வோரையும் ஒதுக்கிவைத்த சமூகத்தில் திவானின் மகனாய்ப் பிறந்தவர் காந்தி. பரிஸ்டர் பட்டமும் பெற்றவர். அவர் தோலையும் கத்தியையும் கையில் எடுத்தது சிறிய செயலன்று. அக்காலத்தில் உறவினர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தாம் பதினைந்து சோடியளவில் தைத்து முடித்துவிட்டதாகவும், புதிய செருப்பு வேண்டியபோது கால் அளவை அனுப்பும்படியும் அவர் குறிப்பிட்டார். அளவெடுத்து அனுப்பும்போது வார் பொருந்தவேண்டிய இடங்களையும் குறித்து அனுப்பச் சொன்னார்.

கால் அளவைக் கேட்ட அந்தக் கடிதத்தில் கைவினைப் பரிசின் இயல்பு விளங்குகிறது. கடைச் செருப்பு எவருடைய காலையும் எண்ணிச் செய்யப்படுவதில்லை. கால்தான் அதற்கேற்ப இசைந்துகொள்கிறது. கையால் தைக்கும் நண்பரோ, பெருவிரல் எங்கே, சிறுவிரல் எங்கே என்று கேட்டறிந்த பின்னரே தோலில் கத்தியை வைக்கிறார். பரிசு உருவாவதற்கு முன்பே பெறுபவர் அதற்குள் வந்துவிடுகிறார். ஆகவே அதைப் பெறும்போது தமது உருவத்தின் ஒரு பகுதியை நண்பரின் கையிலிருந்து திரும்பப் பெறுகிறார் என்றே கொள்ளலாம்.

மூன்றாவது சோடி நண்பருக்காகத் தைக்கப்பட்டதன்று. 1913இல் தென்னாபிரிக்க இந்தியரின் போராட்டம் உச்சநிலையை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்று, ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்கியோர் மீது ஆண்டுதோறும் விதிக்கப்பட்ட மூன்று பவுண் வரியை எதிர்த்து, நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களிலே தமிழர் பெருந்தொகையினர். சிறை சென்று நோயுற்று மீண்ட இளம்பெண் தில்லையாடி வள்ளியம்மை 1914 பெப்ரவரியில் உயிர்நீத்தாள். காந்தியும் 1913 நவம்பரில் சிறைப்பட்டு டிசெம்பரில் விடுதலையானார். அவரைச் சிறையிலிட்ட அரசின் அமைச்சர்களுள் வலிமை மிக்கவர் தளபதி ஜான் ஸ்மட்ஸ். அதே சிறையில் இருந்தபடி காந்தி ஒரு சோடிச் செருப்புத் தைத்தார். அதனை ஸ்மட்ஸுக்குப் பரிசாகக் கொடுத்தார். 1914இல் இருவருக்குமிடையே உடன்பாடு ஏற்பட்டு, மூன்று பவுண் வரி நீங்கியது. இந்தியரின் திருமணங்கள் சட்டப்படி ஏற்கப்பட்டன. அவ்வாண்டு யூலையில் காந்தி அந்நாட்டைவிட்டுப் புறப்பட்டார்.

ஸ்மட்ஸ் அந்தச் செருப்பை என்ன செய்தார்? வீசி எறிந்திருக்கலாம்; அரசியல் வெற்றியின் சின்னமாய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கலாம். அவர் காலில் அணிந்தார். 1939இல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி, அறிஞர் இராதாகிருஷ்ணன் தொகுத்த மலரில் ஸ்மட்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். தமது பெருமதிப்புக்குரிய ஒருவருக்கே எதிரியாய் நிற்க நேர்ந்ததைத் தம் விதி என்று அதில் கூறிய அவர், அச்செருப்பைப் பல கோடைகாலங்களில் தாம் அணிந்து வந்ததையும், அத்தகைய பெரியவர் தந்த பாதணியில் நிற்கத் தமக்குத் தகுதி இல்லை என்று தாம் உணர்ந்ததையும் மறையாது எழுதினார். ஒரு பரிசைப் பெற்றவர் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும், எதிரணியில் நின்ற ஒருவர் கொடுத்தது என்று ஊரறியச் சொல்வது எளிய செயலன்று.

எனினும் கதையை இங்கே நிறுத்திவிட்டால் உண்மை குறைவுபடும். அதே ஸ்மட்ஸ் தலைமை அமைச்சராயிருந்தபோது, இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் குறிப்பிட்ட பகுதிகளுக்குள் அடக்கும் சட்டம் 1946இல் நிறைவேறியது. அதனை எதிர்த்து நேற்றால் இந்தியர் மீண்டும் சத்தியாக்கிரகம் தொடங்கினர். மீண்டும் சிறைகள் நிறைந்தன. காந்தி தைத்த செருப்பு ஸ்மட்ஸின் காலுக்குப் பொருந்தியது. அவருடைய ஆட்சியின் போக்கை அது மாற்றவில்லை. கைப்படச் செய்த பரிசு மந்திரப் பொருள் அன்று. பெறுபவரின் மனக்கதவை அது தட்டும். எவ்வளவு தூரம் திறப்பது என்பது பெறுபவரைப் பொறுத்தது. உதவியின் அளவு பெற்றவரின் சால்பே என்று வள்ளுவர் கூறியதன் ஆழம் இங்கே புலனாகிறது. ஸ்மட்ஸின் சால்பு, அந்த மனிதரை மதிக்கும் அளவுக்கு உயர்ந்தது. அவருடைய மக்களைச் சமமாக ஏற்கும் அளவுக்கு உயரவில்லை.

பொருள் இன்னதென்று அறியாமையாலும் பரிசு தன் மதிப்பை இழப்பதுண்டு. 1947 நவம்பரில் இங்கிலாந்தின் இளவரசி எலிசபெத்தின் திருமணம் நடைபெற்றது. உடைமை ஏதுமற்ற காந்தி, மவுண்ட்பேட்டன் பிரபுவின் யோசனைப்படி, தம் கையால் நூற்ற நூலைக்கொண்டு பின்னிய துணியொன்றைப் பரிசாக அனுப்பினார். மற்றப் பரிசுகளோடு அதுவும் காட்சிக்கு வைக்கப்பட்டது. மணமகளின் பாட்டியார் மேரி அரசியார் அதனைக் காந்தியின் அரைத்துணி என்று தவறாக எண்ணி மனம் சுளித்தார் என்று கூறப்படுகிறது. பொன்னும் மணியும் நிறைந்த மண்டபத்தில் பருத்தி நூலின் பொருள் அவருக்கு விளங்கவில்லை. இளவரசியாய் அதைப் பெற்றவரோ, எழுபது ஆண்டுகள் கடந்தபின், 2018இல் தம்மைக் காணவந்த இந்தியப் பிரதமருக்கு அந்தத் துணியை எடுத்துக் காட்டினார். ஒரே பொருள் ஒருவருக்கு இழிவாகத் தோன்றியது. மற்றொருவரால் ஒரு வாழ்நாள் முழுவதும் பேணப்பட்டது.

இவ்வரலாறுகளிலிருந்து இல்வாழ்வில் கொள்ளத்தக்கவை சில உண்டு. நண்பர் தம் கையால் செய்ததைத் தரும்போது, உறையைப் பிரித்தவுடன் புகழுரையைத் தேடவேண்டியதில்லை. சற்றுநேரம் கையில் ஏந்தி நோக்குதல் வேண்டும். எங்கே தையல் வளைகிறது, எந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்று கண்டு, அதைப்பற்றிக் கேட்கவேண்டும். செய்தவர் முகம் அப்போது மலர்வதைக் காணலாம். இப்படி எதற்குச் சிரமப்பட்டீர்கள் என்று கடிந்துகொள்வது பணிவைப்போலத் தோன்றினும், அந்த உழைப்பு வேண்டாதது என்று சொல்வதாகவே முடிகிறது.

பொருளில் குறை இருக்கலாம். பின்னலில் ஒரு கண்ணி தவறியிருக்கும். பெட்டியின் மூடி சற்று இறுகியிருக்கும். குறையை மறைத்துப் பொய்யாகப் புகழவேண்டிய கட்டாயம் இல்லை. குறையையே முதலில் சுட்டுவதும் முறையன்று. பல நாள் பயன்படுத்தியபின், மூடி சற்று இறுக்கமாயிருக்கிறது, தளர்த்தித் தரமுடியுமா என்று கேட்டால், பொருள் பயன்படுகிறது என்ற செய்தியும் அதனுடன் சேர்ந்தே செல்கிறது. கைவினைஞர் அத்தகைய கேள்வியை விரும்புவர். அடுத்த பெட்டி அதனால் செம்மையுறும்.

ஈடு செய்வது பற்றிய கவலையும் அளவோடு இருத்தல் வேண்டும். பரிசு கிடைத்த மறுநாளே அதே பெறுமதியில் ஒன்றை வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடிப்பது வணிகருக்கு அழகு. கைத்திறன் எல்லோருக்கும் ஒரே வகையில் அமைவதில்லை. தைக்கத் தெரியாதவருக்குச் சமைக்கத் தெரிந்திருக்கும். சமைக்கத் தெரியாதவருக்கு நோயுற்ற நண்பரின் அருகே அமர்ந்து பத்திரிகை வாசித்துக் காட்டத் தெரிந்திருக்கும். பெட் எழுதிய சான்றிதழும் ஒருவகையில் எழுத்தறிந்த கையின் பதிற்பரிசே.

ஆலைகள் பெருகி, எல்லாப் பொருளும் எண்ணற்ற படிகளாய்க் கிடைக்கும் இக்காலத்தில், ஒருவர் மற்றொருவரை எண்ணி ஒரே ஒரு பொருளைச் செய்து தருவது அரிதாகி வருகிறது. அரிதாகும் அளவுக்கு அதைப் பெறுவோரின் பொறுப்பும் கூடுகிறது. ஒரு பொருள் அலட்சியமாய் ஒரு மூலையில் கிடப்பதைச் செய்தவர் ஒருமுறை கண்டுவிட்டால், அடுத்த பொருளைச் செய்ய அவருடைய விரல்கள் தயங்கும். அதே பொருள் அன்றாடம் புழங்கித் தேய்ந்திருப்பதைக் கண்டாலோ, இன்னொன்று செய்யும் ஆவல் அவருக்குப் பிறக்கும். பரிசாகக் கிடைத்த பெட்டி வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது, கைலேஞ்சி கடைசியாக என்றைக்குச் சட்டைப்பையில் இருந்தது என்று பெற்றவர்கள் இன்றைக்கே ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.